மூட்டையில் குறைந்ததை வாளியில் எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 30 வருடம் நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பத்திரிகையைக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் படித்துப் பழகியவன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் சபைப் பையன் ஒருவன் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றான். பக்கத்து ஊர் ரேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வேலை கிடைத்ததற்கு அவன் அம்மா கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெரியப்பா, மூட்டை எல்லாம் குறைஞ்சுதான் வருது. நான் கைக்காசைப் போட்டுக் கட்டுறேன். கூட வேலை பாக்குறவங்க, வாளியில கொஞ்சம் பிடிச்சுக்கோ, யாருக்குத் தெரியப்போகுதுன்னு சொல்றாங்க. இன்னைக்கு ஐயர் பைபிள்ல லூக்கா 18ஐ வச்சு, சோர்ந்துபோகாம ஜெபம் பண்ணணும்னு பிரசங்கம் பண்ணினாங்க. நானும் எட்டு மாசமா ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். மூட்டையும் குறைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நான் என்ன செய்ய?"

எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வோம். ஐயர் அன்றைக்கு நல்ல பிரசங்கம்தான் செய்தார். ஆனால் இந்தப் பையன் கேட்ட கேள்வி பிரசங்க பீடத்துக்கு எட்டவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகு அது போதாது என்று பட்டது. அவனைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிடங்கிலிருந்து கடைக்கு வரும் அரிசி மூட்டை கணக்கில் 50 கிலோ. சணல் சாக்கே அரை கிலோவுக்கு மேல் நிற்கும். சாக்கோடு சேர்த்து 50 என்று எடை போட்டு ஏற்றிவிட்டால் அப்போதே அரிசி அரை கிலோ குறைந்துவிட்டது. அப்புறம் ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொக்கி போட்டு இழுப்பார்கள். கொக்கி குத்திய ஓட்டையிலிருந்து வழி நெடுக அரிசி ஒழுகும். ஒரு மூட்டைக்கு ஒரு கிலோ போனது என்று வையுங்கள். என் கடையில் 600 அட்டை, மாதம் ஏறக்குறைய 190 மூட்டை. 190 கிலோ போச்சு. ஆனால் இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு மூட்டையும் 50 கிலோதான். ஆய்வுக்கு வருகிற அதிகாரி மீதியை எண்ணிப் பார்த்து, குறைந்தது எல்லாவற்றையும் விற்பனையாளர் தலையில் எழுதிவிட்டுப் போவார்.

இதற்குக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபமானது. 600 அட்டை, அட்டைக்கு 300 கிராம். பெருக்கினால் 180 கிலோ. கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது. 20 கிலோவில் 300 கிராம் குறைந்தால் எந்த வீட்டில் கண்டுபிடிப்பார்கள்?

நானும் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருடம் செய்தேன். அப்போது கம்பித் தராசு. வாளியில் அரிசியைப் போட்டு நிறுப்போம். வாளி எடைக்கு ஈடாக எதிர்த்தட்டில் ஒரு கல்லை வைப்போம், அதற்குத் தடை என்று பெயர். என் தடைக்கல் வாளியை விட 150 கிராம் குறைவு. இரண்டு வாளி போட்டால் 300. அந்தக் கல்லைக் கடற்கரையில் தேடி எடுத்து, ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து எடையைச் சரிக்கட்டியது என் கைதான். அந்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாடகர் குழுவில் நின்று பாடினேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் கோயிலில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். என் அம்மா ஒரு வேளை கூட மறந்தது கிடையாது. அரிசி இல்லாமல் கஞ்சி காய்ச்சிய நாட்களிலும் நொய்யில் ஒரு பிடி அந்தக் கலயத்துக்குப் போகும். மாதம் ஒரு முறை எல்லா வீட்டுக் கலயமும் கோயிலுக்கு வரும். அளந்து விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். அளப்பது என் வேலை. கடையில் நிறுக்கிறவன் என்பதால் எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு மாதம், பனை ஓலைப் பெட்டி முடைந்து பிழைக்கிற ஒரு பாட்டியம்மா முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார்கள். தனியாள், விதவை. படியில் நான் அந்த அரிசியை அள்ளினேன். தினமும் அதிலேயே புரள்கிறவனுக்குப் பார்த்தவுடன் தெரியும். பழுப்பு நிறம், சாக்கு வாசனை. என் கடை அரிசி. நான் 300 கிராம் பிடித்துக்கொண்டு கொடுத்த அரிசியிலிருந்து அவர்கள் பிடி பிடியாக எடுத்து வைத்துக் கடவுளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். படியைத் தலைதட்டிவிட்டு நோட்டில் அவர்கள் பெயருக்கு நேராக ஒரு படி என்று எழுத வேண்டும். எழுதவே கை வரவில்லை. பக்கத்தில் இருந்த உபதேசியார் (ஐயருக்கு உதவியாக ஊழியம் செய்கிறவர்) நோட்டை வாங்கி எழுதினார்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். ஓலையைக் கிழித்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்: "ஏய்யா, எனக்குத் தெரியும்லா. வாத்தியார் வீட்டு ஆளு வந்தா மொகத்தப் பாத்துப் பேசிக்கிட்டே நிறுப்ப. எங்கள மாதிரி ஆளு வந்தா தட்டையே பாத்துக்கிட்டு நிப்ப. சரி, இனி ஒழுங்காப் போடு."

அவ்வளவுதான். திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. அடுத்த ஓலையை எடுத்துவிட்டார்கள்.

இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு, யாரிடமாவது எதையாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னது லூக்கா 19இல் இருக்கிறது. நான் கணக்குப் போட்டேன். மாதம் 300 கிராம், 36 மாதத்துக்கு 10 கிலோ 800 கிராம். நாலத்தனை என்றால் 43 கிலோ 200 கிராம். சந்தையில் வாங்கி அந்த அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற வீடுகளுக்குக் கொடுக்க எனக்குச் சத்து இல்லை. அந்தக் கடன் இன்றைக்கும் என் பேரில் இருக்கிறது.

வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அப்போதுதான் லூக்கா 3ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் தீர்க்கதரிசியான யோவான் ஸ்நானகனிடம் வந்து, போதகரே, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் வேலையை விடு என்று சொல்லவில்லை. உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். அதே மேஜை, அதே வேலை, ஆனால் கை மட்டும் சுத்தம். சரி, அப்படியென்றால் நான் இந்தத் தராசுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வாளியில் எடுப்பதை நிறுத்தின பிறகுதான் அசல் கஷ்டம் ஆரம்பித்தது. மூட்டை குறைவது நிற்கவில்லையே! குறைந்ததைச் சம்பளத்தில் பிடித்தார்கள். மனைவி பீடி சுற்றினாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அந்தப் பீடித் தட்டிலிருந்துதான் போனது. அவள் ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "நீங்க பாட்டுக்கு நேர்மையா இருக்கீங்க, சரி. ஆனா மேல இருக்கிறவங்க பண்ற தப்புக்கு நம்ம பிள்ளைக ஏன் கட்டணும்? அதை யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

நான் யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. தினமும் ஜெபம் பண்ணினேன், பொறுமையாக இருந்தேன், அதையே பெரிய விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட அன்றைக்கு ராத்திரி லூக்கா 18ஐ மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த விதவை அநீதியுள்ள நியாயாதிபதியிடம் போய், "எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்" என்று விண்ணப்பம் பண்ணினாள் என்று இருக்கிறது. விண்ணப்பம்! ஜெபத்தில் நாங்கள் சொல்கிற விண்ணப்பமும், தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுக்கிற விண்ணப்பமும் நம் மொழியில் ஒரே சொல்தான். அவள் வீட்டுக்குள் முழங்காலில் மட்டும் நிற்கவில்லை. நேராகப் போய் நின்று கேட்டாள். அவன் முடியாது என்றான். மறுபடியும் போனாள்.

அதற்கு அடுத்த லோடு வந்த நாளில் தராசைத் தூக்கிக் கடை வாசலில் வைத்தேன். நிறுத்துப் பார்த்துத்தான் இறக்குவேன் என்றேன். லாரிக்காரருக்குக் கோபம். 190 மூட்டையை நிறுத்தால் நாங்கள் எப்போது போவது என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான், அவருக்கு இன்னும் ஐந்து கடை இருந்தது. சரி, நீங்களே கை வைக்கிற பத்து மூட்டையை மட்டும் நிறுப்போம் என்றேன். நிறுத்தோம். பத்து மூட்டையில் ஒன்பதரை கிலோ குறைவு. ரசீதில் அதை எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் என் கடைக்கு லோடு கடைசி நாள் ராத்திரி 9 மணிக்கு வந்தது. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. அரிசி வரவில்லை என்று ஜனங்கள் என்னைத்தான் ஏசினார்கள். ரசீதில் எழுதியதை ஒருவரும் மதிக்கவில்லை. நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, லாரி எண், பத்து மூட்டையின் எடை, அங்கே நின்ற இரண்டு பேர் கையெழுத்து. அந்த நோட்டை வைத்து மனு எழுதினேன். கடையை நடத்துகிற கூட்டுறவுச் சங்கத்துக்கு, வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு, திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் நடக்கிற குறைதீர் நாளுக்கு. ஐந்து வருடத்தில் 17 மனு. ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன். "நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக" என்று கலாத்தியரில் இருக்கிறதே, அதைப் பென்சிலால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஆனால் சோர்ந்துதான் போனேன். 11வது மனுவுக்கும் 12வது மனுவுக்கும் நடுவில் ஒன்றரை வருடம் இடைவெளி இருக்கிறது. அந்த ஒன்றரை வருடம் நோட்டைத் திறக்கவே இல்லை. மறுபடி திறக்க வைத்தவள் மனைவிதான்.

அந்த நேரத்தில்தான் கோயிலில் அசனம் வந்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய விருந்து அது. பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து, கடையிலிருந்து ஐந்து மூட்டை அரிசியும் கொஞ்சம் சர்க்கரையும் ஒதுக்கிக் கொடு, கோயில் காரியம்தானே என்றார்கள். கொடுக்க முடியாது என்றேன். என் சொந்தக் காசில் ஒரு மூட்டை வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அதை அவர்கள் வாங்கவில்லை. இரண்டு வருடம் என்னோடு பேசவும் இல்லை. கிடங்கில் குறைந்ததைக் காட்டிலும் லாரி ராத்திரி வந்ததைக் காட்டிலும் எனக்கு வலித்தது இதுதான். ஓலைப் பெட்டிக்கார அம்மாவின் அரிசியை ஒளித்துவைத்துக் கடவுளின் பேரில் பந்தி வைக்கலாம் என்று சபைப் பெரியவர்களே நினைத்தார்களே!

ஆமோஸ் தீர்க்கதரிசி ஆடு மேய்த்தவர். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியத்தை விற்கலாமே, மரக்காலைக் குறைக்கலாமே என்று ஆராதனையிலேயே உட்கார்ந்து யோசிக்கிறவர்களைப் பற்றி 8ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். அதற்கு முந்தின அதிகாரத்தில் கர்த்தர் கையில், சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தூக்குநூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் மாவட்டத்து இடையன்குடிக் கோயில் ஞாபகம் வரும். கால்டுவெல் ஐயர் 1841இல் அந்தத் தேரிக்காட்டுக்கு வந்தார். அந்தக் கோயிலைக் கட்டி முடிக்க 33 வருடம் ஆனது, 1880இல்தான் பிரதிஷ்டை. அந்த 33 வருடத்தை நாங்கள் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அத்தனை வருடமும் ஒரு கொத்தனார் தினம் காலையில் தூக்குநூல் விட்டுப் பார்த்துத்தானே அடுத்த கல்லை வைத்திருப்பார்? நேற்றைக்குச் சரியாக இருந்தது என்று இன்றைக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. தராசும் அப்படித்தான். காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை, வெறும் தட்டு சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது. நான் ஜெபம் பண்ணினது அந்த நேரத்தில்தான், தட்டு ஆடி நிற்கிற வரைக்கும்.

17வது மனுவுக்குப் பிறகு ஒரு அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்தார். 20 மூட்டையைப் பிரித்துத் தானே நிறுத்தார். என் நோட்டை ஒரு மணி நேரம் புரட்டினார். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து என் கடைக்கு வந்த மூட்டையில் குறைவு கால் கிலோவுக்குள் நின்றது. என் கடைக்கு மட்டும்தான். நான் வேறு கடைக்கு மாற்றலாகிப் போனபோது அங்கே மறுபடி முதலிலிருந்து. அங்கே மூன்று வருடம், 6 மனு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006இல் அரிசி கிலோ 2 ரூபாய் ஆனது, 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். ஏழை வீட்டில் அடுப்பு எரிந்தது, நான் கண்ணால் பார்த்தேன், நல்ல காரியம். ஆனால் விலை குறையக் குறைய எடையைக் கேட்கிறவர்களும் குறைந்துபோனார்கள். சும்மா கிடைக்கிற அரிசிதானே என்று ஜனங்களே சொல்ல ஆரம்பித்தார்கள். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது உங்கள் அரிசி. தட்டைப் பாருங்கள், கேளுங்கள். கேட்கிறவர்கள் மேல் நல்ல விற்பனையாளருக்குக் கோபம் வராது.

இப்போது தராசையும் பில் போடுகிற கருவியையும் இணைத்து, எடை சரியாக வந்தால்தான் பில் வரும் என்று கடைகளில் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் கடைத் தராசைக் கட்டிப்போட்டதால் கிடங்கில் இருந்து வருகிற மூட்டை நிறைந்துவிடாது. கடைக்காரர் 20 கிலோவைக் கருவிக்குக் காட்டிவிட்டு, பையில் கொட்டும்போது வாளியில் ஒரு கையளவு நிறுத்திக்கொள்வார். அந்தப் பையனுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாக்கு எடையைக் கழித்து, விற்பனையாளர் கண்முன் நிறுத்து, அந்த எடையையே பதிவேட்டில் ஏற்றுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அது நடக்காத வரைக்கும் ஒவ்வொரு மாதமும் எட்டு மாதச் சர்வீஸ் உள்ள ஒரு பையனைத் திருடச் சொல்லி நாம்தான் பிடித்துத் தள்ளுகிறோம்.

என் சபை ஜனங்களிடமும் ஒன்று கேட்கிறேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிற நீதிமொழிகள் வசனத்தைப் பற்றி என் 30 வருட வேலைக் காலத்தில் ஒரு முழுப் பிரசங்கம் நான் கேட்டதில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கிற தசமபாகத்தைப் பற்றி வருடா வருடம் கேட்டேன். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கடை வைத்திருக்கிறார்கள், பெட்ரோல் போடுகிறார்கள், சான்றிதழ் எழுதுகிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள். திங்கட்கிழமை காலையில் அவர்கள் கை என்ன செய்ய வேண்டும் என்று ஐயர்மார் பேச வேண்டும். கேட்கப் போகிறவர்களோடு கூடவும் போக வேண்டும். அந்த 17 மனுவில் ஒன்றிலாவது சபையின் கையெழுத்து இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு பலமாக இருந்திருக்கும்!

மற்ற மதத்துச் சகோதரர்கள் இது ஏதோ கிறிஸ்தவர்கள் சங்கதி என்று நினைக்க வேண்டாம். என் கடையில் எடை குறைந்தது எல்லாருக்கும்தான். அந்த நோட்டில் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் அதிகம் பேர் கோயிலுக்கு வராதவர்கள். டீக்கடைக்காரர் ஒருவர் ஐந்து வருடமும் போட்டார். ஒரு மாதம் கூடத் தவறவில்லை.

அந்தப் பையனிடம் போன வாரம் மறுபடி பேசினேன். வாளியில் எடுக்காதே, கைக்காசிலும் கட்டாதே, முதல் மூட்டையை இறக்குவதற்கு முன் தராசை வாசலுக்குக் கொண்டுவா என்றேன். "தனியா நிக்கப் பயமா இருக்கு பெரியப்பா" என்றான். நியாயமான பயம். அடுத்த லோடு வருகிற அன்றைக்கு நான் அவன் கடைக்குப் போகிறேன். பழைய நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் இன்னும் நாற்பது பக்கம் எழுதாமல் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.
(அந்தப் பையன் வேலையில் இருக்கிறான் என்பதால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)